அடுத்தவன் பாட்டைப் பாடினா சரக்கு தீந்துபோச்சா?

போன வாரம் ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல ஒரு சண்டை. கைகலப்பு எல்லாம் இல்லீங்க, டீ கப்பைக் கையில வெச்சிக்கிட்டு போட்ட வாய்ச்சண்டைதான். பக்கத்து சீட் நண்பர் ராக் இசையைக் கரைச்சுக் குடிச்ச ஆள். அவர் சொன்னது இதுதான்: "ஒரு ராக் ஸ்டார் கவர் ஆல்பம் போட்டா ரெண்டே அர்த்தம் பாஸ். ஒண்ணு, சொந்தச் சரக்கு தீந்துபோச்சு. இல்லேன்னா, எங்கேயோ கடன் பாக்கி இருக்கு." சாட்சிக்கு அவர் இழுத்துட்டு வந்தது ஜான் லெனானின் 1975 ஆல்பமான 'ராக் அண்ட் ரோல்'. கேஸுக்குப் பயந்து போட்ட ஆல்பமாம் அது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்பம். ஆனா அந்த இடத்துல பதில் சொல்ல முடியலை. ஏன்னா அவர் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. கேஸுக்காகப் போட்டதுதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு (எப்பவும் அப்படித்தானே!). அதான் இங்கே கொட்டிடறேன்.

கேஸ் என்னன்னா, பீட்டில்ஸின் 'அப்பே ரோடு' (1969) ஆல்பத்தோட முதல் பாட்டு 'கம் டுகெதர்', லெனான் எழுதினது. சக் பெர்ரி 1956-ல பாடின 'யூ கான்ட் கேட்ச் மீ' பாட்டுலேர்ந்து ஒரு வரியைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து அதுல போட்டுட்டார். முதல்ல மெட்டும் அதே சாயல்ல, அதே வேகத்துலதான் இருந்திருக்கு. பெர்ரி பாட்டு மாதிரியே இருக்கேன்னு பால் மெக்கார்ட்னிதான் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். மெட்டு மாறிடுச்சு, வரி மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

இதுக்கு பெர்ரி கோவிச்சுக்கிட்டாரான்னா, அப்படித் தெரியலை. 1972-ல அமெரிக்க டிவியில மைக் டக்ளஸ் நிகழ்ச்சியில லெனானும் பெர்ரியும் பக்கத்துல பக்கத்துல நின்னு பாடினாங்க. லெனான் முகத்துல ஸ்கூல் பையன் மாதிரி ஒரு பூரிப்பு. கேஸ் போட்டது பெர்ரி இல்லை, அந்தப் பாட்டோட உரிமைப் பத்திரத்தைக் கையில வெச்சிருந்த மாரிஸ் லெவி. நியூயார்க்ல ரூலெட் ரெக்கார்ட்ஸ் முதலாளி. மாஃபியா சகவாசம் உள்ளவர்னு ஊருக்கே தெரியும். பின்னாடி 1988-ல மிரட்டிப் பணம் பறிக்கச் சதி செஞ்ச வழக்குல தண்டனையும் வாங்கினார். ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே 1990-ல செத்துப்போனார்.

1973 அக்டோபர்ல சமரசம் ஆச்சு. லெவியின் கம்பெனி கையில இருக்குற மூணு பாட்டை லெனான் தன்னோட அடுத்த ஆல்பத்துல பாடணும். அவ்வளவுதான். ஒரு வரியைச் சொல்லாம எடுத்ததுக்கு, முழுப் பாட்டையும் பேரைச் சொல்லிப் பாடுன்னு தண்டனை. இப்படி ஒரு அழகான தண்டனையை எந்த ஜட்ஜும் யோசிச்சிருக்க முடியாது, ஒரு தாதாதான் யோசிச்சிருக்கார் :)

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஒப்பந்தம் கேட்டது மூணே மூணு பாட்டு. ஆனா ஆல்பத்துல இருக்குறது மொத்தம் பதிமூணு டிராக். லெவி கேட்ட மூணுல ரெண்டுதான் அதுல இருக்கு. மூணாவதா இருந்த 'ஏஞ்சல் பேபி' கடைசியில ஆல்பத்துலயே சேரலை! அப்போ மிச்சப் பாட்டை எல்லாம் யாருக்காகப் பாடினார்? இதைத்தான் நான் அந்த நண்பர்கிட்ட கேட்டிருக்கணும்.

அதுக்கு முன்னாடி அந்த ஆல்பம் எடுத்த கதை. சினிமாவா எடுத்தா நம்ப மாட்டாங்க.

1973-ல லெனான் யோகோவைப் பிரிஞ்சு, மே பாங்கோட லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்திருந்தார். குடின்னா குடி, அப்படி ஒரு குடி. இந்த ஆல்பத்துக்கு ப்ரொட்யூசர் ஃபில் ஸ்பெக்டர். ஏற்கெனவே 'இமேஜின்' ஆல்பத்துலயும் லெனானோட வேலை பார்த்தவர்தான். ஆனா அப்பெல்லாம் கடிவாளம் லெனான் கையில இருந்துச்சு. இந்தத் தடவை எல்லாத்தையும் ஸ்பெக்டர் கையில கொடுத்துட்டார். தான் வெறும் பாடகன், ஸ்பெக்டரோட பழைய குழுக்கள்ல பாடின பொண்ணுங்க மாதிரி மைக் முன்னாடி நின்னு பாடிட்டுப் போயிடணும்னு ஆசை. பாவம், பத்து வருஷமா எழுதி, பாடி, அறிக்கை விட்டு, பேட்டி கொடுத்துக் களைச்சுப்போன மனுஷன். கொஞ்சம் நாள் 'ஜான் லெனான்' வேலையிலேர்ந்து லீவு கேட்டிருக்கார்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா லீவு கேட்ட இடம் சரியில்லை. ஸ்பெக்டர் பாணி 'ஒலிச்சுவர்'னு பேர் பெற்றது. ஒரு கிடார் வாசிக்கிற இடத்துல நாலு கிடார், ஒரு டிரம்ஸ் இருக்கற இடத்துல ரெண்டு, ரெண்டு மூணு பியானோ, ஒரு படையே ஊதுறதுக்கு, எல்லாரும் ஒரே ரூம்ல ஒரே நேரத்துல. மைக் வெச்சு சரிபார்க்கவே மணிக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் பாட வந்தவர் என்ன பண்ணுவார்? பாட்டிலைத் திறப்பார். ராத்திரி அவர் பாடுற முறை வரும்போது நிக்கவே ஆள் வேணும். ஸ்பெக்டர் ஒரு நாள் ஆபரேஷன் டாக்டர் வேஷத்துல வந்தாராம். ஏ அண்ட் எம் ஸ்டூடியோ மிக்ஸிங் கன்சோல்ல யாரோ விஸ்கியைக் கொட்டிட்டதுல மொத்தக் கும்பலும் வெளியே. இன்னொரு நாள் ஸ்பெக்டர் துப்பாக்கியை எடுத்து ஸ்டூடியோ உள்ளேயே மேல பார்த்து சுட்டுட்டார். சுடறதுன்னா சுட்டுக்கோ, காதை மட்டும் கெடுத்துடாதே, அது எனக்குத் தொழிலுக்கு வேணும்ங்கிற மாதிரி லெனான் சொன்னதாக் கதை.

முன்னெல்லாம் இந்தக் கதையை நானே சிரிச்சுக்கிட்டே நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். இப்ப சொல்ல முடியலை. 2003-ல லானா கிளார்க்சன்ங்கிற நடிகை ஸ்பெக்டர் வீட்டுல சுட்டுக் கொல்லப்பட்டாங்க. 2009-ல ஸ்பெக்டருக்குக் கொலைத் தண்டனை உறுதியாச்சு. 2021-ல கைதியாவே செத்தார். மேதைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான்னு எல்லாரும் ரசிச்ச அந்தத் துப்பாக்கி விளையாட்டு எங்கே கொண்டு போய் விட்டுச்சு பாருங்க.

விட்ட இடத்துக்கு வரேன். 1973 டிசம்பரோட ரெக்கார்டிங் நின்னுபோச்சு. ஸ்பெக்டர் அத்தனை டேப்பையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். கேட்டா கொடுக்கலை. 1974 மார்ச்ல அவருக்குக் கார் விபத்து வேற. கடைசியில கேபிடல் கம்பெனி 90,000 டாலர் கொட்டித்தான் டேப்பை மீட்டுச்சு. மீட்டுப் போட்டுக் கேட்டா, பெரும்பாலும் உபயோகம் இல்லை. அத்தனை கூத்தடிச்சதுக்கு, ஆல்பத்துல வந்தது நாலே நாலு பாட்டு.

இதுக்கு நடுவுல லெனான் நியூயார்க் திரும்பி, குடியைக் குறைச்சு, 'வால்ஸ் அண்ட் பிரிட்ஜஸ்'னு சொந்தப் பாட்டு ஆல்பம் ஒண்ணை 1974-ல போட்டுட்டார். அது அமெரிக்காவுல முதலிடம். (சரக்கு தீந்துபோச்சுன்னு சொல்ற நண்பர் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.) ஆனா லெவி கடுப்பாயிட்டார். அடுத்த ஆல்பத்துல என் மூணு பாட்டு வரணும்னுதானே பேச்சு? அதுல இருந்தது 'யா யா' பாட்டோட ஒரு துணுக்கு மட்டும், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. டிரம்ஸ் வாசிச்சது பதினோரு வயசு மகன் ஜூலியன். அப்பனும் பிள்ளையும் விளையாடினதை லெவி கிண்டல்னு எடுத்துக்கிட்டார்.

அப்புறம்தான் எனக்குப் பிடிச்ச பகுதி. லெனான் தன்னோட வழக்கமான ஆட்களைக் கூப்பிட்டார். டிரம்ஸுக்கு ஜிம் கெல்ட்னர், பேஸ் கிடாருக்கு ஹம்பர்க் காலத்து நண்பர் கிளாஸ் ஃபோர்மன், கிடாருக்கு ஜெஸ்ஸி எட் டேவிஸ், பியானோவுக்கு கென் ஆஷர். லெவியோட பண்ணை வீட்டுலயே ஒத்திகை. பிறகு 1974 அக்டோபர் 21-லேர்ந்து 25 வரைக்கும் நியூயார்க் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோ. ஆல்பத்துல இருக்கற மீதி ஒன்பது டிராக்குக்கும் அஞ்சே நாள்!

யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் மாசக்கணக்கு, படை பரிவாரம், துப்பாக்கி, விஸ்கி. இன்னொரு பக்கம் தெரிஞ்ச ஆளுங்க, தெரிஞ்ச பாட்டு, அஞ்சு நாள். சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கற எல்லாருக்கும் இந்த ரெண்டு ப்ராஜெக்டும் நல்லாவே தெரியும். முதல் ப்ராஜெக்ட்ல நான் ரெண்டு வருஷம் இருந்திருக்கேன் :(

ஏன் அஞ்சு நாள்ல முடிஞ்சுது? அந்தப் பாட்டெல்லாம் அவர் கைக்கும் தொண்டைக்கும் பதினேழு வருஷமாத் தெரியும். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தினா புரியும். 1957 ஜூலை 6, லிவர்பூல் பக்கம் வூல்டன் சர்ச் திருவிழா. பதினாறு வயசு லெனான் தன் குழுவோட பாடறார், பதினஞ்சு வயசு மெக்கார்ட்னி வேடிக்கை பார்க்கறார். முதல்முதலா ரெண்டு பேரும் சந்திச்ச அந்த நாள் லெனான் பாடினதுல ஜீன் வின்சென்ட்டின் 'பி-பாப்-எ-லூலா' உண்டு. 1975 ஆல்பத்தோட முதல் பாட்டு எது தெரியுமா? அதேதான்.

ஃபேட்ஸ் டோமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்', லெனான் முதல்முதலா வாசிக்கக் கத்துக்கிட்ட பாட்டு. கத்துக்கொடுத்தது அம்மா ஜூலியா, பாஞ்சோ வாத்தியத்துல. 1958 ஜூலையில ஒரு கார் மோதி அந்த அம்மா ரோட்டுலயே போய்ச் சேர்ந்தாங்க. லெனானுக்கு அப்போ பதினேழு வயசு. ஆல்பத்துல அந்தப் பாட்டைக் கேளுங்க. பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஃபேட்ஸ் டோமினோ மாதிரி சொகுசா உருளவும் இல்லை. அவசர அவசரமா, விட்டா மறந்துடுமோங்கிற மாதிரி பாடறார். இதை எந்தக் கோர்ட்டு பாடச் சொல்லிச்சு? எந்த லெவி கேட்டான்?

அப்புறம் ஹம்பர்க். 1960-லேர்ந்து 62 வரைக்கும் அந்தத் துறைமுக ஊர் கிளப்புகள்ல ராத்திரி ராத்திரியா மணிக்கணக்குல இதே பாட்டுகள்தான். லிட்டில் ரிச்சர்ட், சக் பெர்ரி, லாரி வில்லியம்ஸ். நம்ம ஊர் கல்யாணக் கச்சேரி ஆர்கெஸ்ட்ரா மாதிரிதான், கேட்கறதுதான் குடிகாரக் கூட்டம். 1963-ல வந்த பீட்டில்ஸ் முதல் ஆல்பத்துல பதினாலு பாட்டுல ஆறு அடுத்தவங்க பாட்டு. அதுல பத்துப் பாட்டை பிப்ரவரி 11-ஆம் தேதி ஒரே நாள்ல முடிச்சாங்க. சொந்தச் சரக்கு வந்ததே அடுத்தவன் சரக்கைப் பாடிப் பாடித்தான்.

ஆல்பம் அட்டையே இதைச் சொல்லுது. 1961-ல ஹம்பர்க்ல யூர்கன் ஃபோல்மர் எடுத்த போட்டோ. லெதர் ஜாக்கெட் போட்ட லெனான் ஒரு வாசல்ல சாஞ்சு நிக்கறார். முன்னாடி மூணு பேர் மங்கலா நடந்து போறாங்க, முகம் தெரியாது. அந்த மூணு பேர் மெக்கார்ட்னி, ஹாரிசன், ஸ்டூவர்ட் சட்க்ளிஃப். சட்க்ளிஃப் 1962-ல இருபத்தோரு வயசுலயே செத்துட்டார். மத்த ரெண்டு பேரோட இந்த ஆல்பம் வந்த சமயத்துல வக்கீல் மூலமா கையெழுத்துப் போட்டுக் கூட்டணியை முறிச்சு முடிச்சிருந்தார். அப்படிப்பட்ட போட்டோவைத் தேடி எடுத்து அட்டையில போட்டவருக்கு இந்த ஆல்பம் வெறும் கடன் பாக்கியா?

மிச்சக் கதையையும் சுருக்கமா சொல்லிடறேன். லெவிக்கு நம்பிக்கை வரட்டும்னு லெனான் முடியாத மிக்ஸ் டேப் ஒண்ணைக் கேட்டுப் பார்க்கக் கொடுத்தார். டெஸ்ட் பண்ணக் கொடுத்த பில்டை கிளையன்ட் நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தினா எப்படி இருக்கும்? அதேதான். 1975 பிப்ரவரியில லெவி அதை 'ரூட்ஸ்'னு பேர் போட்டு, டிவியில விளம்பரம் செஞ்சு தபால்ல வித்தார். அட்டையில லெனானோட பழைய போட்டோ, பார்க்கவே பரிதாபமா. கேபிடல் அலறி அடிச்சுக்கிட்டு அதே மாசம் நிஜ ஆல்பத்தைக் கொண்டுவந்தது. லெவி 4 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். முதல் விசாரணையில லெவியின் வக்கீல் லெனானும் யோகோவும் நிர்வாணமா நிக்கற 'டூ வர்ஜின்ஸ்' அட்டையை ஜூரி முன்னாடி தூக்கிக் காட்டினதுல விசாரணையே ரத்து. மறுபடி நடந்ததுல நீதிபதி தாமஸ் கிரீசா முன்னாடி லெனான் கூண்டுல ஏறி, ஒரு ஆல்பம் எப்படி உருவாகுதுன்னு பொறுமையா வகுப்பு எடுத்தார். தீர்ப்பு? ஒப்பந்தத்தை முழுசா நிறைவேத்தாததுக்கு லெவி தரப்புக்கு 6,795 டாலர். அந்த மட்டமான ரெக்கார்டால லெனான் பேர் கெட்டதுக்கு மட்டும் லெவி கொடுக்க வேண்டியது 35,000. ராயல்டி நஷ்டம் தனி.

ஆல்பம் முழுக்கத் தங்கம்னு நான் சொல்ல வரலை. 'டூ யூ வான்ட் டு டான்ஸ்' பாட்டை ரெகே தாளத்துல போட்டு சொதப்பியிருக்கார், அது சுத்தமான அந்த அஞ்சு நாள்ல எடுத்ததுதான். ஸ்பெக்டரோட 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' யானை நடந்து போற மாதிரி இருக்கு. என்னை ரொம்ப வருத்தப்படுத்துறது 'போனி மொரோனி'. அம்மா தன்னை மேடையில பார்த்தது ஒரே ஒரு தடவை, அன்னிக்குப் பாடின பாட்டு அதுன்னு லெனானே சொல்லியிருக்கார். அதைப் போய் ஸ்பெக்டர் ஹாரன் கூட்டத்துக்கு அடியில புதைச்சு வெச்சிருக்கார். ஆனா 'ஸ்டாண்ட் பை மீ' இருக்கே... பென் ஈ கிங் பாடினது நம்பிக்கையோட கேட்கற குரல். லெனான் பாடறது கிடைக்காதுன்னு தெரிஞ்சும் கத்திக் கேட்கற குரல். ஒரு வார்த்தை மாத்தலை, பாட்டு வேற ஆயிடுச்சு. இதுக்குப் பேர் சரக்கு இல்லாமயா?

எல்லாக் கவர் ஆல்பமும் இப்படின்னு சொல்லலை. கிறிஸ்துமஸ் சீசனுக்கு விக்கறதுக்குன்னே போடற சவசவ ஆல்பங்கள் ஆயிரம் உண்டு, அதுக்கெல்லாம் நண்பரோட சூத்திரம் கரெக்ட். ஆனா மெக்கார்ட்னியைப் பாருங்க. 1998-ல மனைவி லிண்டா கேன்சர்ல போனாங்க. அடுத்த வருஷம் அப்பே ரோடு ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து ஒரே வாரத்துல எடுத்தது 'ரன் டெவில் ரன்'. மூணு பாட்டு தவிர எல்லாம் சின்ன வயசு ராக் அண்ட் ரோல் பாட்டுகள். உலகத்துலயே அதிகமா மெட்டுப் போட்ட மனுஷன்ல ஒருத்தர், அவருக்கா சரக்குப் பஞ்சம்? சொந்தமா எழுதணும்னா நடந்ததைத் திரும்பிப் பார்த்தாகணும். அதுக்குத் தெம்பு இல்லாத நாள்ல, பதினஞ்சு வயசுல மனப்பாடம் ஆன பாட்டு தானா வாய்க்கு வரும்.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு சூடுன்னு கேக்கலாம். காலேஜ்ல நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ஒரு குழு வெச்சிருந்தோம். மூணு வருஷம் பழைய பாட்டுகளைப் பாடி ஹாஸ்டலே எங்க பின்னாடி வந்துச்சு. கடைசி வருஷம் கல்ச்சுரல்ஸ்ல சொந்தப் பாட்டுக்குத்தான் மார்க்குன்னு சொன்னாங்கன்னு உக்காந்து ஒண்ணு எழுதினோம். மகா மொக்கை. அன்னியோட 'நமக்குச் சொந்தமா வராது, அப்புறம் எதுக்கு'ன்னு கிடாரைக் கட்டிலுக்கு அடியில தள்ளினது, ஆறு வருஷம் ஆச்சு. டீ கப்போட நண்பர் சொன்னதை நான் எனக்கே ஏற்கெனவே சொல்லிக்கிட்டிருந்தேன்னு சண்டை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சுது. கிடாரை வெளியே எடுத்தேன். ரெண்டு கம்பி துரு, ஒண்ணு அறுந்திருக்கு. புதுசு வாங்கணும்.

லெனான் கதையில பாக்கி ஒண்ணே ஒண்ணு. இந்த ஆல்பம் வந்த 1975 அக்டோபர்ல, லெனானோட பிறந்தநாளான 9-ஆம் தேதியே மகன் ஷான் பிறந்தான். அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் ஆல்பமே கிடையாது, வீட்டுல பிள்ளை வளர்த்தார். 1980 நவம்பர்ல 'டபுள் ஃபேன்டஸி'யோட திரும்பி வந்தார், டிசம்பர் 8-ல சுட்டுக் கொன்னுட்டாங்க. 'ராக் அண்ட் ரோல்' ஆல்பத்தோட கடைசிப் பாட்டு லாயிட் பிரைஸின் 'ஜஸ்ட் பிகாஸ்'. முடிவுல லெனான் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி ஒரு விடைபெறும் பேச்சு பேசறார். 2004-ல வந்த மறுபதிப்புல அதோட இன்னொரு துண்டும் சேர்த்திருக்காங்க. அதுல பாட்டு ஓஞ்சுக்கிட்டிருக்கும்போது ரிங்கோ, பால், ஜார்ஜ்னு மூணு பேரையும் பேர் சொல்லி, எப்படி இருக்கீங்கன்னு விசாரிக்கறார். அந்தத் துண்டை 1975 ஆல்பத்துல சேர்க்காம வெட்டிட்டார்.

ராத்திரி ஹெட்போன்ல கேளுங்க. ரெண்டு நிமிஷம் கூட வராது.